பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுக்கலாமா?

ஊரின் ஜனத்தொகை 1 லட்சத்து 7 ஆயிரம் சொச்சம். அந்த ஊரில் இருக்கிற ஸ்டேடியத்தில் உட்கார இடம் 81,441 பேருக்கு! மேட்ச் நாளில் திருடன் வந்தால் கேட்க நாதி கிடையாது. ஆனால் பயப்பட வேண்டாம். திருடனும் மேட்ச் பார்க்கத்தான் போயிருப்பான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் ஒரு மூலையில், ஃபாக்ஸ் நதி வந்து கலக்கிற இடத்தில் இருக்கிறது கிரீன் பே. காகித ஆலைகள், பாலாடைக்கட்டி, குளிர்காலத்தில் எலும்பை ஊடுருவும் பனி. இவற்றைத் தவிர அங்கே இருப்பது ஒன்றே ஒன்று. கிரீன் பே பேக்கர்ஸ் என்கிற ஃபுட்பால் டீம். 1919-ல் ஒரு இறைச்சி பாக்கிங் கம்பெனி சட்டை வாங்கக் காசு கொடுத்ததால் வந்த பெயர். கம்பெனி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

நியூயார்க், சிகாகோ, டல்லாஸ் என்று மகா நகரங்கள் மோதும் என்.எஃப்.எல். போட்டியில் இந்தச் சின்ன ஊர் எப்படித் தாக்குப் பிடிக்கிறது? ஊரே முதலாளி என்பதால்! 1923-லிருந்து பொதுஜனத்துக்குப் பங்கு விற்று நடத்துகிறார்கள். இன்று 5 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல் பங்குதாரர்கள். டிவிடெண்ட் கிடையாது. லாபத்துக்கு விற்கவும் முடியாது. 2021-ல் ஒரு பங்கு 300 டாலர் என்று விற்றார்கள். பத்திரத்தை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான். நம்மூரில் இதற்கு 'நன்கொடை ரசீது' என்று பெயர்.

அந்த ஊருக்கு 2024 ஆகஸ்டில் போயிருந்தேன். அழைத்துப் போனவன் என் அக்கா மகன். மில்வாக்கியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அங்கிருந்து கிரீன் பேக்கு காரில் இரண்டு மணி நேரம். வழி நெடுக சோளக்கொல்லையும் மாட்டுக் கொட்டகையும்.

'ஃபுட்பால்' என்றதும் நீங்கள் மாரடோனாவை நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல. இது அமெரிக்க ஃபுட்பால். பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம், ஆளை இடித்துத் தள்ளுவதுதான் ஜாஸ்தி. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு.

இதில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒருவன் உண்டு. அவன்தான் மூளை, அவன்தான் கை. பந்து அவன் கைக்கு வந்ததும் எதிரணியின் 130 கிலோ ஆசாமிகள் நாலைந்து பேர் அவனைக் கட்டிப்பிடிக்க ஓடி வருவார்கள். அன்பினால் அல்ல. இரண்டரை, மூன்று வினாடிக்குள் எவன் எங்கே ஓடுகிறான், எவனுக்கு வீசலாம் என்று முடிவெடுத்துப் பந்தை விட்டெறிய வேண்டும். தப்பாக எறிந்தால் எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான். அதற்கு 'இன்டர்செப்ஷன்' என்று பெயர். எறியத் தாமதித்தால் தரையில் சட்னி. அதற்கு 'ஸாக்' என்று பெயர். டீம் ஜெயித்தால் அவனுக்குக் கோயில் கட்டுவார்கள். தோற்றால் அவன் தலையில்தான் இடி.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பையனைக் கல்லூரியிலிருந்து கொத்திக்கொண்டு வந்து இந்த வேலையில் நிறுத்துகிறார்கள். முதல் வருஷம் தடுமாறுவான். இரண்டாம் வருஷமும் தடுமாறினால்? வைத்துக்கொள்வதா, கழற்றி விடுவதா? அமெரிக்காவில் அரசியலைவிடச் சூடான சர்ச்சை இதுதான்.

"தூக்கிடணும் மாமா! ஒரு வருஷம் பார்க்கலாம், தேறலையா, அடுத்த ஆளைக் கொண்டு வா!" என்றான் அக்கா மகன் ஸ்டியரிங்கைத் தட்டி.

அவனுக்கு இந்தக் கோபம் வரக் காரணம் உண்டு. முதல் உத்தியோகம் கிளீவ்லண்ட் நகரத்தில். அந்த ஊர் டீமுக்கு ரசிகனாகி மனசைப் புண்ணாக்கிக்கொண்டவன்.

கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் 1999-ல் புதிதாக மறுபிறவி எடுத்த டீம். முதல் தேர்வாக டிம் கௌச் என்ற பையனைக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு முன்னால் நின்று தடுக்க வேண்டிய ஆட்கள் சரியில்லை. முதல் வருஷத்திலேயே 56 முறை தரையில் விழுந்தான். அப்புறம் ஆரம்பித்தது ஊர்வலம். 2018-ல் பேக்கர் மேஃபீல்ட் வந்தபோது, 1999-லிருந்து எண்ணினால் அவன் முப்பதாவது குவார்ட்டர்பேக்! ஊரில் ஒரு கண்ணாடி ஜன்னலில் கௌச்சின் 2-ம் நம்பர் சட்டையைத் தொங்கவிட்டு, ஆள் மாற மாற அடுத்தவன் பெயரை டேப்பில் எழுதி ஒட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் சட்டை தெரியவில்லை, டேப்தான் தெரிந்தது.

"அப்ப நீ சொல்ற வைத்தியத்தைத்தானேடா அந்த ஊர்ல முப்பது தடவை பண்ணினாங்க? நோய் தீரலையே?" என்றேன்.

"அது வந்து மாமா... சரியான ஆள் கிடைக்கலை."

"முப்பது பேர்ல ஒருத்தன்கூடவா?"

பதில் வரவில்லை. மேஃபீல்டையும் 2022-ல் அனுப்பிவிட்டார்கள். அவர் சுற்றி அலைந்து டாம்பா பே போய்ச் சேர்ந்தார். நான் ஊர் திரும்பிய பிறகு, அந்த 2024 ஸீஸனில் 41 டச்டவுன் வீசினார்.

கிரீன் பேயில் இறங்கியதும் முதலில் பார்த்தது சைக்கிள்கள்.

ஆகஸ்டில் பயிற்சி முகாம். லாம்போ ஃபீல்ட் ஸ்டேடியத்திலிருந்து பயிற்சி மைதானம் ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம். ஊர்ப் பிள்ளைகள் தங்கள் சைக்கிளோடு வாசலில் காத்து நிற்கிறார்கள். ஆட்டக்காரர் வெளியே வந்து ஒரு குழந்தையின் சைக்கிளை வாங்கி ஏறிக்கொள்கிறார். அவருடைய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு குழந்தை கூடவே ஓடுகிறது. எத்தனையோ வருஷமாக நடக்கிற வழக்கம். எட்டு வயசுப் பெண்ணின் ரோஸ் கலர் சைக்கிளில், கூடை குஞ்சலத்தோடு, 140 கிலோ மனிதர் முழங்கால் காதில் இடிக்க மிதித்துப் போவதைப் பார்க்கிறபோது, பிள்ளையாரும் மூஞ்சூறும் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

அன்று எல்லோரும் கழுத்தை நீட்டித் தேடியது ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை. அதற்கு முந்தின மாசம்தான் அவருடன் நாலு வருஷத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

ஆனால் 2023 நவம்பரில் இதே ஊரில் கதையே வேறு. லவ்வை 2020-ல் எடுத்தார்கள். மூன்று வருஷம் பெஞ்சில். 2023-ல்தான் முழுநேரப் பொறுப்பு. முதல் ஒன்பது மேட்சில் மூன்று வெற்றி, ஆறு தோல்வி. 14 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். மூன்று வருஷம் காத்திருந்து இதற்குத்தானா என்று முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. அடுத்த ஆளைத் தேடலாம் என்று பேச்சு.

டீம் அவரைத் தூக்கவில்லை. சுற்றி ஆடினவர்களும் இளசுகள். லீகிலேயே வயசில் சின்ன டீம் அது. அடுத்த எட்டு மேட்சில் லவ் வீசிய டச்டவுன் 18. இன்டர்செப்ஷன்? ஒன்றே ஒன்று! 2024 ஜனவரியில் டல்லாஸுக்கே போய் 48-32 என்று உதைத்துவிட்டு வந்தார்கள்.

"பார்த்தியா? நவம்பர்ல தூக்கியிருந்தா?" என்றேன்.

"ஒரு கேஸை வெச்சுப் பேசாதீங்க மாமா. ஜமார்கஸ் ரஸல்னு ஒருத்தன். 2007-ல எடுத்ததுல முதல் ஆள் அவன்தான். ஓக்லண்ட்ல மூணு வருஷம் கொடுத்தாங்க. என்ன ஆச்சு? 2010-ல வீட்டுக்கு அனுப்பினாங்க. பொறுமைக்கும் எல்லை இருக்குல்ல?"

நியாயம்தான். வெறும் பொறுமை போதும் என்றால் உலகத்தில் எல்லாப் பையன்களும் ஹீரோ ஆகியிருக்க வேண்டுமே! இந்தக் கேள்வியோடுதான் ஸ்டேடியத்துக்குள் நுழைந்தேன்.

லாம்போ ஃபீல்ட் 1957-ல் திறந்தது. உள்ளே பெரும்பாலும் நாற்காலி கிடையாது, நம்மூர் சர்க்கஸ் காலரி மாதிரி அலுமினிய பெஞ்ச். ஆனாலும் 1960-லிருந்து ஸீஸன் டிக்கெட் அத்தனையும் விற்றுப்போய்விட்டது. காத்திருப்போர் பட்டியலில் 1 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல். பிள்ளை பிறந்ததும் இந்தப் பட்டியலில் பெயர் எழுதுகிற அப்பாக்கள் உண்டு. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மேட்சுக்குப் போகிற வயசில் டிக்கெட் கைக்கு வரும். பொறுமை இந்த ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறது.

மைதானத்துக்குள் போகிற சுரங்க வழியில் பழைய சிமெண்ட் தரையின் ஒரு துண்டைப் பெயர்த்து வந்து பதித்து வைத்திருக்கிறார்கள். வின்ஸ் லொம்பார்டியின் ஆட்கள் நடந்து போன தரை. அதில் நடந்தவர்களில் ஒருவர் பார்ட் ஸ்டார்.

1956-ல் பார்ட் ஸ்டாரை எடுத்தபோது அவர் 200-வது ஆள். அதாவது அவருக்கு முன்னால் 199 பேர் நல்லவர்கள் என்று தேர்வாகிவிட்டார்கள். ஆரம்ப வருஷங்கள் படு சுமார். 1958-ல் டீம் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். பத்தில் தோல்வி, ஒன்று டிரா. 1959-ல் லொம்பார்டி கோச்சாக வந்தார். வந்த உடனே ஸ்டாரைத் தூக்கி வைத்துக் கொண்டாடினாரா? இல்லை. லாமர் மெக்கான் என்பவரை ஆட விட்டார். அப்புறம் ஸ்டார். அடுத்த வருஷம் மறுபடி மெக்கான், மறுபடி ஸ்டார். ஒரு வருஷத்துக்கும் மேல் 'இவனா, அவனா' என்று ஊசலாட்டம். கடைசியில் ஸ்டார்தான் என்று நிலைத்தது. அதற்குப் பிறகு 1961-லிருந்து 1967-க்குள் ஐந்து சாம்பியன் பட்டம்!

1967 டிசம்பர் 31 அன்று இந்த மைதானத்தில் மைனஸ் 25 டிகிரி. நடுவர்களின் விசில் உறைந்து வேலை செய்யவில்லை. கடைசி 16 வினாடி இருக்கும்போது ஸ்டார் தானே பந்தைச் சுமந்துகொண்டு கோட்டுக்குள் விழுந்து 21-17 என்று டல்லாஸை ஜெயித்தார். 1958-ல் கிடந்த டீமையும் அந்த நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. லொம்பார்டி ஸ்டாருக்குக் கொடுத்தது காலண்டரில் தேதி அல்ல. முன்னால் நின்று தடுக்கிற ஆட்களைத் தயார் செய்தார். கொஞ்சம் ஆட்ட முறைகளை எடுத்துக்கொண்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்கிற மாதிரி திரும்பத் திரும்பப் பழக்கினார். கஷ்டமான வேலையைச் சின்ன சின்னத் துண்டாக்கிக் கையில் கொடுத்தார். அதற்குத்தான் நாள் பிடித்தது.

ஆனால் கிரீன் பேயை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட முடியாது. காரணம், 1994.

அதற்கு முன்னால் பிரெட் ஃபார்வ். 1991-ல் அட்லாண்டா டீம் எடுத்து, பிடிக்காமல், அடுத்த வருஷமே கிரீன் பேக்குத் தள்ளிவிட்ட பையன். 1992-ல் இந்த டீமுக்காக அவன் வீசிய முதல் பந்தைப் பிடித்தது யார் தெரியுமா? அவனேதான்! எவன் மேலோ பட்டுத் திரும்பி வந்தது. பிடித்துக்கொண்டு ஏழு கெஜம் பின்னால் போய் விழுந்தான். 1993-ல் 19 டச்டவுன், 24 இன்டர்செப்ஷன். சொந்த டீம் ஆளைவிட எதிரணி ஆளுக்குத்தான் தாராளமாக வீசினான்.

1994-ல் கோச் மைக் ஹோம்கிரன் அவனை உட்கார வைத்துவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது. கடைசியில், நீதான் என்று முடிவு செய்து நிறுத்தினார். அடுத்த மூன்று வருஷமும், 1995, 96, 97, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஃபார்வுக்கு. 1997 ஜனவரியில் சூப்பர் பௌல் கோப்பை. இந்தக் கதையை கிரீன் பேயில் பெட்டிக்கடை இருந்தால் பெட்டிக்கடைக்காரர்கூடச் சொல்வார்.

சொல்லாமல் விடுகிற பாதி இது. 1994 பயிற்சி முகாமில் ஃபார்வோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மார்க் புரூனெல், டை டெட்மர், அப்புறம் கர்ட் வார்னர் என்று ஒருவர். வார்னரைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் ஐயோவா மாநிலத்துக்குத் திரும்பிப் போய், ஒரு பலசரக்கு சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்டில் அலமாரியில் சாமான் அடுக்கினார். மணிக்கு ஐந்தரை டாலர் கூலி. 1999-ல் ஸெயின்ட் லூயிஸ் டீமில், முதல் ஆள் அடிபட்டதால் வாய்ப்புக் கிடைத்தது. அந்த வருஷமே சிறந்த ஆட்டக்காரர் விருது, சூப்பர் பௌல் கோப்பை இரண்டும்!

புரூனெல் ஜாக்ஸன்வில் டீமுக்குப் போய், 1996 ஸீஸனில் இறுதிக்கு முந்தின கட்டம்வரை கூட்டிக்கொண்டு போனார்.

அதாவது, அந்த அறையில் 'இன்னும் கொஞ்சம் டைம் கொடுத்தால் தேறுவான்' என்று சொல்லத் தகுந்தவன் ஃபார்வ் ஒருவன் மட்டும் இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு ஒரே ஒரு நாற்காலி. ஒருவனுக்குக் கொடுக்கிற டைம் இன்னொருவனிடமிருந்து எடுத்ததுதான். பொறுமை என்று நாம் பாராட்டுவதை, பெஞ்சில் இருக்கிறவன் வேறு பெயர் சொல்லித் திட்டுவான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். ஊர் விசேஷம் பொரித்த பாலாடைக்கட்டி. பொரிக்காத புதுக் கட்டியையும் கொண்டுவந்து வைத்தார்கள். கடித்தால் பல்லில் 'கீச் கீச்' என்று புதுச் செருப்பு மாதிரி சத்தம் போடுகிறது.

"எல்லா டீமும் ஏன் லவ் மாதிரி மூணு வருஷம் உட்கார வெச்சுப் பழக்கக் கூடாது?" என்று கேட்டேன்.

அக்கா மகன் கைக்குட்டைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். முதல் சுற்றில் எடுத்த பையனுக்கு நாலு வருஷ ஒப்பந்தம். ஐந்தாவது வருஷத்துக்கும் வேண்டுமா என்பதை மூன்றாவது வருஷம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டும். 2011-லிருந்து இதுதான் சட்டம். மூன்று வருஷம் உட்கார வைத்தால், ஆடுவதைப் பார்க்காமலே கோடிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். லவ் விஷயத்தில் கிரீன் பே அந்த ஐந்தாவது வருஷத்தைத் தொடாமல், 2023-ல் தனியாக ஒரு வருஷம் நீட்டிப்பு போட்டுச் சமாளித்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆள் எடுக்கிற முறை. கடைசி இடத்துக்கு வந்த டீமுக்குத்தான் முதல் தேர்வு. ஆக, நாட்டிலேயே திறமையான பையன் நேராக நாட்டிலேயே மோசமான டீமுக்குப் போகிறான். நல்ல பெண்ணை நொடித்துப்போன வீட்டில் கட்டிக் கொடுத்துவிட்டு, 'குடும்பத்தைத் தூக்கி நிறுத்தலையே' என்று குறை சொல்கிற கதை. கிரீன் பே 24-வது ஆளாக எடுத்த ஆரன் ராட்ஜர்ஸும், 26-வது ஆளாக எடுத்த லவ்வும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறினவர்கள். மூன்று மூன்று வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டார்கள். ராட்ஜர்ஸ் 2008-ல் பொறுப்பேற்றபோதும் முதல் வருஷம் 6 வெற்றி, 10 தோல்விதான். 2011 பிப்ரவரியில் கோப்பை.

எதிர் உதாரணம் கரோலினா. 2023-ல் முதல் ஆளாக பிரைஸ் யங் என்ற பையனை எடுத்தார்கள். முதல் வருஷத்தில் 62 முறை தரையில். பதினோரு மேட்ச் முடிந்ததும் கோச்சை வேலையை விட்டுத் தூக்கினார்கள். 2024 செப்டம்பரில், இரண்டே மேட்ச் முடிந்ததும், யங் பெஞ்சுக்கு. 'இவன் வேஸ்ட்' என்று நாடே எழுதிவிட்டது. அக்டோபரில் அவனுக்குப் பதிலாக ஆடினவர் கார் விபத்தில் கட்டை விரலில் அடிபட, வேறு வழியில்லாமல் மறுபடி யங். நிதானமாகத் தேறினான். 2025 ஸீஸனில் அவனை வைத்துக்கொண்டே டீம் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. கரோலினா பொறுமையாக இருந்தது என்றா சொல்வீர்கள்? ஒரு கட்டை விரல் பொறுமையாக இருந்தது!

ஸாம் டார்னல்ட் கதை இன்னும் நீளம். 2018-ல் நியூயார்க் ஜெட்ஸ் டீமில் அவர் வீசிய முதல் பந்தே எதிரணி கையில் போய் டச்டவுன் ஆயிற்று. 2019-ல் ஒரு மேட்சில் 'எனக்குப் பேய் தெரியுது' என்று அவர் சொன்னது மைக்கில் பதிவாகி நாடு முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது. (பேய் இல்லை. நியூ இங்கிலாந்து டீம்தான்.) மூன்று வருஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கரோலினா, ஸான் ஃபிரான்ஸிஸ்கோ பெஞ்ச் என்று சுற்றி, 2024-ல் மின்னசோட்டாவில் 14 வெற்றி. 2026 பிப்ரவரியில் சியாட்டில் டீமோடு சூப்பர் பௌல் கோப்பை!

பார்க்கப் போனால், டைம் கொடுத்த இடத்தில் எல்லாம் பையன் தேறவில்லை. டைம் கொடுக்காத இடத்தில் எல்லாம் பையன் அழிந்து போகவும் இல்லை. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

திரும்பி வருகிற வழியில் அக்கா மகன் திடீரென்று, "மாமா, எங்க டீம்ல ஒரு புதுப் பையன்" என்று ஆரம்பித்தான். "ஆறு மாசம் ஆச்சு. மூணு வேலை கொடுத்தேன், மூணும் சொதப்பல். வெச்சுக்கலாமா வேண்டாமான்னு திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுக்கணும்."

காலையிலிருந்து 'தூக்கணும், தூக்கணும்' என்று அவன் ஸ்டியரிங்கைத் தட்டியதன் மர்மம் அப்போதுதான் விளங்கியது.

"அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது யாரு?" என்றேன்.

"யாரும் தனியா இல்லை. எல்லாரும் பிஸி."

"மூணு சொதப்பலும் ஒரே மாதிரியா, வேற வேற மாதிரியா?"

யோசித்தான். "வேற வேற... முதல் தடவை பண்ணின தப்பை ரெண்டாம் தடவை பண்ணலை."

"அவன் இடத்துக்கு இன்னொருத்தன் காத்துக்கிட்டு இருக்கானா?"

"இல்லை. புதுசாத்தான் தேடணும்."

அந்த மூன்று கேள்விதான் அன்று கிரீன் பேயில் எனக்குக் கிடைத்தது. ஒன்று, முன்னால் நின்று தடுக்கவும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கவும் ஆள் கொடுத்தோமா? 56 முறை, 62 முறை தரையில் விழுகிறவனுக்கு இன்னொரு வருஷம் கொடுப்பது தயவல்ல, தண்டனை. இரண்டு, இந்த மாசத் தப்பும் போன மாசத் தப்பும் ஒன்றா? லவ் தோற்ற மேட்சுகளிலும் அவருடைய கோச்கள் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும். அதே தப்பை அதே மாதிரி மூன்று வருஷம் செய்கிறவனை அனுப்புவதில் பாவமில்லை. மூன்று, இவனுக்காக எவனைக் காக்க வைக்கிறோம்? அவனிடம் அதை நேராகச் சொன்னோமா?

முதல் கேள்விக்கு 'கொடுக்கவில்லை' என்று பதில் வந்தால், பையனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையே கிடையாது. தடுமாறுகிற பையனுக்கு இன்னும் டைம் கொடுக்கலாமா என்று கேட்டால் என் பதில்: கொடுக்கலாம். ஆனால் வெறும் டைமாகக் கொடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை அக்கா மகன் எழுதிக் கொடுத்தது: இன்னும் மூன்று மாசம், பக்கத்தில் ஒரு ஸீனியர், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. முடிவில் எதைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்று பையனிடமும் சொல்லிவிட்டானாம்.

ஒரு பின்குறிப்பு. பயிற்சி முகாமுக்கு வருகிறவர்கள் சுமார் 90 பேர். ஆகஸ்ட் கடைசியில் பட்டியலில் நிற்பது 53. நாங்கள் பார்த்துவிட்டு வந்த அதே மாசம் 26-ம் தேதி, லவ்வுக்கு மாற்றாக இருந்த இரண்டு இளம் குவார்ட்டர்பேக்குகளையும் ஓரம் கட்டிவிட்டு, டென்னஸி டீம் வேண்டாம் என்று ஒதுக்கிய மாலிக் வில்லிஸ் என்ற பையனை கிரீன் பே வாங்கியது. பதினோரே நாளில், பிரேஸிலில் நடந்த முதல் மேட்சில் லவ்வுக்கு முழங்காலில் அடி. வில்லிஸ் இறங்க வேண்டியதாயிற்று. ஊருக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை!

கோச் மாட் லஃப்ளூர் என்ன செய்தார்? அவனைப் பந்தை அதிகம் எறியவே விடவில்லை. முதல் மேட்சில் 14 தடவைதான் எறிந்தான், அதில் 12 சரியாகப் போய்ச் சேர்ந்தது. மற்ற நேரமெல்லாம் பந்தைச் சுமந்துகொண்டு ஓட்டம். தெரிந்த வேலையை மட்டும் கொடுத்தார். ஜெயித்தார்கள். அடுத்த மேட்ச் அவனை ஒதுக்கிய டென்னஸியிலேயே. அதிலும் 30-14.

டென்னஸி அவனுக்கு இரண்டு வருஷம் கொடுத்தது. கிரீன் பே கொடுத்தது மூன்று வாரம். எது ஜாஸ்தி என்று நீங்களே சொல்லுங்கள்.